இதர செலவுகள்

சென்னையிலிருந்து வந்த படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
கண்ணாடித் துண்டு, சாயம், ஆல்கஹால், மின்சாரம்,
கருவியின் மாத வாடகை, என் சம்பளத்தில் எட்டு நிமிடம்.
எட்டு நிமிடம் என்பது
கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில்
மாடிப்படிக்குக் கீழ் உள்ள இந்த அறையில்,
ஒரு பெண்ணின் கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்ததை
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை
ஏர் ஓட்டுவதுபோல் கண் ஓட்டி முடிக்கிற நேரம்.

கருவிக்கு ஒன்றரை நிமிடம்.
எல்லாவற்றையும் பார்த்துவிட்டு
இருபத்திரண்டு இடங்களை மட்டும் எனக்குக் காட்டும்:
இங்கே பார், இங்கே பார்.
அதற்குக் கண் எரிவதில்லை. மதியச் சாப்பாடு இல்லை.
கரண்ட் போனால் மட்டும் அதுவும் நானும் ஒன்று.

கணக்குப் போட்டேன்.
கையால் பார்த்தால் துண்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.
கருவியோடு பார்த்தால் இருநூற்றுப் பதினொன்று.
ஆண்டுக்கு நாற்பதாயிரம் வந்தால்
நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கும் என்கிறது குறிப்பேடு.
போன வருடம் எங்களுக்கு வந்தவை மூவாயிரத்து நூற்றாறு.
மீதி முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் பெண்கள்
அஞ்செட்டி மலையிலும் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியிலும்
கல் குவாரியிலும் இருக்கிறார்கள்.
அவர்கள் வந்தால் கருவி மலிவு.
அவர்கள் வருவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சோதித்துப் பார்க்கப் பழைய துண்டுகளைக் கொடுத்தோம்.
1147.
ஏப்ரலில் நான் கையெழுத்திட்டது. மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறேன்.
பதினேழாவது இடத்தில் கருவி நின்றது.
மேல் மூலை. ஐந்து செல்கள்.
உட்கரு வீங்கி, கறுத்து, விளிம்பு கோணி,
கூட்டத்தில் வாய் திறக்காமல்
ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் மாதிரி.
பதிவேட்டைப் புரட்டினேன்.
அன்றைக்கு அது என் அறுபத்து மூன்றாவது.
மணி ஐந்து பத்து இருக்கும்.

நஞ்சம்மா, நாற்பத்தொன்று, உரிகம்.
கொடுத்திருந்த எண் கணவருடையது,
பெங்களூரில் சென்ட்ரிங் வேலை,
அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.
செவிலியர் ஷாஹீன் இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ் இலவசம்.
மலைக்குப் போகும் பஸ் வராததால் ஏறிய ஆட்டோ இலவசம் இல்லை.
வீடு பூட்டு. பக்கத்தில் சொன்னார்கள்:
சீசன் ஆச்சே, மாங்கூழ் கம்பெனியில இருப்பா,
உங்க ஊர்ப் பக்கந்தான்.

இருந்தாள்.
என் மைக்ராஸ்கோப்பிலிருந்து நான்கு கிலோமீட்டரில்
பெங்களூரா மாங்காய்க்குக் கொட்டை எடுத்துக்கொண்டு.
அவளும் ஒரு கணக்குக் கேட்டாளாம்:
ஒரு நாள் வந்தா நானூத்தி இருபது போகும்.
திரும்ப எடுக்க ஒரு நாள், முடிவு சொல்ல ஒரு நாள்,
சரி பண்ண ஒரு நாள்.
சீசனே நாப்பது நாள்.
ஆடி கழிச்சு வந்தா ஆகாதா?

ஷாஹீனுக்குச் சொல்லத் தெரியவில்லை.
எனக்கும் தெரியாது.
ஐந்து செல்களிடம் நாள்காட்டி இல்லை.

வியாழக்கிழமை வந்தாள்.
விரல் இடுக்கெல்லாம் மஞ்சள்.
டாக்டர் வரும்வரை, அந்த மிஷினைப் பாக்கலாமா என்றாள்.
திரையைத் திருப்பினேன்.
நீலமும் ஆரஞ்சுமாக விரிந்து கிடந்தாள்.
மாங்கா அறுத்துப் போட்டாப்ல இருக்கே. இதுல எது?
தொட்டுக் காட்டினேன்.
குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.
இத்தனூண்டா.
இதுக்கா மூணு நாள் கூலி.
யார்மேலும் கோபமில்லாத குரல்,
மண்டியில் விலை விசாரிக்கிற குரல்.

ஏப்ரலில் தவறவிட்டது நான்தான் என்று
வாயெடுத்தேன்.
அதற்குள் அவள்:
மேஸ்திரிக்குக் காட்ட ஒரு சீட்டு எழுதிக் குடுங்க,
இல்லாட்டி நாளைக்கு உள்ள விடமாட்டான்.

கைக்கு அகப்பட்ட தாள் அந்தப் படிவம்தான்.
கடைசிக் கட்டம், இதர செலவுகள், இன்னும் காலியாக இருந்தது.
பாதியாகக் கிழித்து, பின்பக்கம் எழுதி,
முத்திரை வைத்துக் கொடுத்தேன்.
சென்னைக்கு வேறு படிவம் கேட்டு எழுத வேண்டும்.